கேஸ் தீராத வேன்

மாசி மாதத் தொடக்கத்தில் ஆவுடையப்பனின் வேனில் குளிர் குறையத் தொடங்கியது. பின்சீட்டில் இருப்பவர்கள் "அண்ணாச்சி, ஏசியக் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்பதும், ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்த பொத்தானை அவன் இன்னொரு தடவை திருகுவதுபோல் பாவனை காட்டுவதும், குளிர்ந்து வரவேண்டிய காற்று யாரோ தூங்கி எழுந்து கொட்டாவி விட்டதுபோல் வெதுவெதுவென்று வருவதுமாகச் சில வாரம் ஓடியது. வெயில் காலம் வந்தால் எந்த ஏசிக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு நாள் மத்தியானம், செங்கமடையில் எப்போதும் நிறுத்தும் இடமான தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வாகை மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காய்ந்த நெற்றுகளை மட்டும் கலகலவென்று ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. நிழல் பேருக்குக்கூட இல்லை. வண்டி வெயிலில் காய்ந்தது. எதிரே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாவுக்கு, காய்ந்த வண்டியின் பானட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "சேலை நல்லாத்தான் இருக்கு. பொண்ணுதான் கொஞ்சம் கறுப்பு" என்றது குரல்.

மூக்கம்மா பூவைக் கீழே வைக்கவில்லை. அது ரேஷன்கடை பால்வண்ணனின் குரல் என்பதும், அவன் போன ஐப்பசியில் மகனையும் புதுமருமகளையும் தலைதீபாவளிக்குக் கொண்டுவிட்டுத் திரும்பியபோது சொல்லியிருப்பான் என்பதும், அந்தக் கறுப்புப் பெண் இப்போது அவன் வீட்டில் மாசமாக இருக்கிறாள் என்பதும் அவளுக்கு ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் பிடிபட்டுவிட்டது. சாப்பிட்டு வந்த ஆவுடையிடம், "உம்ம வண்டி பேசுது வே" என்றாள். "பழைய பேச்சு."

செங்கமடையில் ஏசி வைத்த வேன் அது ஒன்றுதான். ஜவுளி எடுக்க, பெண் பார்க்க, திருச்செந்தூரில் மொட்டை போட, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக, ஆளாகக் கொண்டுபோனவரை வெள்ளைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவர, எல்லாவற்றுக்கும் ஆவுடைதான். கண்ணாடியை ஏற்றி, குளிரைப் போட்டு, வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும், வீட்டில் சுவருக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள்கூடப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டிரைவருக்குக் காது கிடையாது என்பது ஊரின் நம்பிக்கை. ஆவுடையும் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. கேட்டதைக் கேட்ட இடத்திலேயே புகையோடு விட்டுவிட்டு வருவான். ஆனால் அவன் விட்டதை வண்டி விடவில்லை. மூடிய கண்ணாடிக்குள் பேசியதெல்லாம் குளிரோடு குளிராகச் சுற்றிச் சுற்றி, குழாய்க்குள் இறங்கி, கேஸோடு கலந்து கிடந்தது. இப்போது கேஸ் கசிந்தது. பேச்சும் கசிந்தது.

ஊர் ஒன்றும் பதறவில்லை. முதல் வாரம் சண்டை நடந்தது, பால்வண்ணன் மருமகளிடம் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் "பரவாயில்ல மாமா, உங்க மகன் வெள்ளைன்னு நாங்களும் நினைக்கல" என்றாள். அதற்கப்புறம் சனங்கள் வீட்டிலிருந்து முக்காலியும் பாயும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். காலையில் வண்டி ஊமையாக நிற்கும். வெயில் ஏறி, தகரம் கைவைக்க முடியாமல் கொதிக்கும்போதுதான் பேச்சு வரும். பொழுது சாய்ந்து தகரம் ஆறியதும், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு நின்றுபோகும். மறுநாள் மத்தியானம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எந்தச் சவாரி முதலில் போனதோ அது முதலில் வந்தது. ஐப்பசிச் சவாரிகள் முடிந்து கார்த்திகைச் சவாரிகள் ஆரம்பித்தன. தங்கள் சவாரி வரப்போகிற வீட்டார் முன்வரிசையில் உட்காருவது, அன்றைக்கு அந்த வீட்டுச் செலவில் எல்லோருக்கும் சுண்டல் கொடுப்பது, கேட்டதை மரத்தடியோடு விட்டுவிட்டுப் போவது என்று ஒரு வழக்கம் தானாக உருவாகி, கோயில் முறைபோல் நிலைத்தது. கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத ஒத்தப்பனை நாடாரின் குரல், "எனக்கு ஒரு கலர் வாங்கித் தாங்களேன், நெஞ்சு வறண்டு போய்க் கிடக்கு" என்று கேட்டது. அன்றைக்குச் சர்க்கரை என்று சொல்லி வாங்கித் தராத பேரன், இப்போது ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்து பானட்டின்மேல் ஊற்றினான். சுடுதகரத்தில் அது நுரைத்துப் பொங்கி வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஆவுடை மட்டும் சுண்டலை வாயில் போட்டு மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான். கார்த்திகைக்கு அப்புறம் மார்கழி வரும், மார்கழிக்கு அப்புறம் தை வரும்.

போன தையில் ஒரு நாள் தென்காசியில் ஆளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். சிற்றாற்றுப் பாலத்தில் இரண்டு பேர் கைகாட்டினார்கள். ஒருத்தி, அரிசி ஆலை அணைஞ்சபெருமாளின் மகள் சுபா. ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மற்றவன் ஓடைக்கு அந்தப்பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கதிரேசன், ஆலையில் கணக்குப் பார்த்தவன். வண்டியை நிறுத்துவதற்குமுன் ஆவுடைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுபா கதவைத் திறந்து ஏறியதும், "மாமா, கேட்காதீங்க" என்றாள். அவன் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றினான், வண்டியை ஊருக்கு எதிர்த்திசையில் திருப்பினான். பின்னால் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள்: எந்த ஊருக்குப் போவது, அங்கே யார் வீட்டில் தங்குவது, என்ன வேலை. அந்த ஊரின் பெயரை ஆவுடையின் இல்லாத காது கேட்டது. அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கதையிலும் அது சொல்லப்படாது.

அந்தப் பெயர் வண்டியிலிருந்து வந்துவிடுமோ என்று அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சில வருஷம் முன்னால் அணைஞ்சபெருமாளின் தங்கை மகள் இதேபோல் ஒருவனோடு போனாள். தேடிக் கண்டுபிடித்துச் சமாதானமாகப் பேசிக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தது ஆவுடையின் வேனில்தான். வழியெல்லாம் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். வந்த வாரமே காய்ச்சல் என்று செய்தி வந்தது. ஊர் முழுக்கப் போய் மாலை போட்டுவிட்டு வந்தது. எந்தக் காய்ச்சல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பங்குனி நடுவில் ஆவுடை, பக்கத்து ஊரில் ஏசி வேலை பார்க்கும் அமல்ராஜைக் கூட்டிவந்தான். அமல்ராஜ் வாயாடி, கை சுத்தம். சோப்பைத் தண்ணீரில் அடித்து நுரையாக்கிக் குழாய் நெடுகப் பூசிக்கொண்டே வந்தவன், இன்ஜினுக்குப் பின்னால் ஒரு மூட்டில் நிறுத்தினான். அங்கே எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. நுரையில் ஒரு குமிழ் வீங்கி உடைந்து, "மெதுவா" என்றது. அடுத்தது "பிள்ளை தூங்குது" என்றது. மூன்றாவது பெரிதாக ஊதி, ஆவுடையின் மூக்குக்கு நேரே நின்று, ஏப்பம் விட்டது.

"யார் வீட்டுக் கல்யாணம் வே இது? இப்பவும் பிரியாணி வாசம் அடிக்கி!" என்று அமல்ராஜ் கைகொட்டிச் சிரித்தான். "ஊசிமுனை ஓட்டை அண்ணாச்சி. போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் உம்மகிட்ட சொன்னேன். அடைக்காம கேஸ மட்டும் ஏத்தி ஏத்தி ஓட்டுனீரு."

"இப்ப அடைச்சிரு தம்பி."

"அடைக்கலாம். ஆனா உள்ள கேஸ வச்சுக்கிட்டுக் குழாயக் கழட்ட முடியாதுல்லா, மூஞ்சியில அடிச்சிரும். இந்தா, இந்த வால்வுப் பின்ன அமுக்கி இருக்கது அம்புட்டையும் முதல்ல வெளிய விடணும். ஒரே மூச்சுல பூராப் பேச்சும் வந்து விழும். ஒண்ணும் வெளங்காது. தேர்க்கூட்டத்துல நின்ன மாதிரி இருக்கும்."

ஒன்றும் விளங்காது என்ற சொல், ஆவுடையின் நெஞ்சில் பல நாளாக இருந்த கல்லைப் புரட்டிப் போட்டது. "அமுக்கு" என்றான். "இப்பவே அமுக்கு."

அமல்ராஜ் விரலை வைக்கப் போனபோது முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மார்கழியில் மகனை ரயிலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பியவள். அவன் வழியில் என்ன சொன்னான் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது, வண்டி நினைவுபடுத்தும் என்று காத்திருந்தாள். "ஏல, கைய எடு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். ஆளுக்கு ஒரு சவாரி வரவேண்டியிருந்தது. எல்லோர் பேச்சும் முறைப்படி வந்து முடிகிறவரை பின்னை அமுக்கக் கூடாது, வண்டி மரத்தடியைவிட்டு நகரக் கூடாது என்று அன்றைக்கே முடிவானது. வழக்கம்போல் பொதுவில் வைக்கவேண்டிய பொருள் என்பதால் சாவி அணைஞ்சபெருமாளின் சட்டைப்பைக்குள் போனது. பேட்டரியை அவர் மகன் வெள்ளத்துரை கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனான். "ஊர் சொத்தாயிருச்சு உம்ம வண்டி" என்று ஆவுடையை முதுகில் தட்டினார்கள். சவாரி போன வருமானத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் தருவதாகவும் சொன்னார்கள்.

அப்போதுதான் ஆவுடை அந்தத் தப்பைப் பண்ணினான். கசிவை அடைக்காமல் கேஸை ஏற்றியே காலம் தள்ளிய பழக்கம், அவன் மூளையையும் அந்த வழியிலேயே ஓட்டியது. புதுக் கேஸை மேலே ஏற்றினால் பழைய பேச்சு அடியில் போய்ப் படுத்துவிடும், தைக்கு வந்து சேர இன்னொரு மழைக்காலம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டான். ஊரும் சரி என்றது, கேஸ் தீர்ந்து பேச்சு நின்றுவிடுமோ என்று அவர்களுக்கும் ஒரு பயம் இருந்தது. அமல்ராஜ் தயங்கித் தயங்கி ஏற்றினான். மறுநாள் மத்தியானம் வண்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தைய நாள்களில் இல்லாத வேகத்தில் பேசத் தொடங்கியது. மார்கழிச் சவாரிகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. மகனை அனுப்பியவளுக்கு அவன் சொன்னது, வேறொரு குடும்பத்தின் பழனிப் பயணத்துக்குள் கரைந்து போய்விட்டது. "அமுக்கம் கூடுனா வேகமால்லா வரும்" என்றான் அமல்ராஜ், தலையைச் சொறிந்துகொண்டு. "நீரு தள்ளிப்போடணும்னு ஏத்தச் சொன்னீரா? சொல்லியிருக்கலாம்லா."

சித்திரை பிறந்தபோது தை வந்துவிட்டது.

தையின் முதல் சவாரி அணைஞ்சபெருமாள் வீட்டுச் சவாரி. சுபாவுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கத் திருநெல்வேலி போனது. முன்வரிசையில் அவர் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வெள்ளத்துரை நின்றான். அவர் மனைவி சொர்ணம், எல்லோருக்கும் பின்னால், மூக்கம்மாவின் பூக்கூடையை ஒட்டி உட்கார்ந்தாள். சுபா போன நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசியதில்லை. கேட்டால் தலையசைப்பாள். வெயில் ஏறியது, தகரம் கொதித்தது, "ப்பா, மஞ்சள் வேண்டாம்ப்பா. மஞ்சள் கட்டினா நான் குளிப்பாட்டி வச்ச பொணம் மாதிரி இருப்பேன்" என்று சுபாவின் குரல் சிரித்தது. "நீ எதைக் கட்டினாலும் அப்படித்தாம்ட்டி இருப்ப" என்றது வெள்ளத்துரையின் குரல். சிரிப்பு. பிறகு அணைஞ்சபெருமாளின் குரல், அவரே மறந்துபோன மெல்லிய குரலில், "எம்மவ எதைக் கட்டினாலும் மகாராணிதாம்" என்றது.

அணைஞ்சபெருமாள் எழுந்துபோய்ப் பானட்டின்மேல் காதை வைத்தார். தகரம் சுட்டது, எடுக்கவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டி, விழுந்த இடத்தில் உடனே ஆவியானது. காதை எடுத்தபோது அது வெந்து சிவந்திருந்தது. "எம்மவ இன்னும் உள்ள இருக்காளா ஆவுடை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த பாசம் பொய்யில்லை. அதுதான் ஆவுடையைப் பயமுறுத்தியது. "இல்ல அண்ணாச்சி. இதோட சரி" என்றான்.

"அடுத்தது யார் சவாரி?" என்றான் வெள்ளத்துரை.

"தென்காசிக்கு ஆள் இறக்கப் போனேன். திரும்பி வரும்போது சும்மாதான் வந்தேன்."

வெள்ளத்துரை அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். "சும்மா வந்ததையும் கேப்போம்" என்றான்.

மறுநாள் தென்காசிக்குப் போனவர்கள் பேசி இறங்கினார்கள். அதற்கப்புறம் வண்டிக்குள் ஒரு பாட்டு கேட்டது. காலி வண்டியில் ஆவுடை தனியாகப் பாடிக்கொண்டு வந்த பாட்டு. சுருதியும் இல்லை, வரியும் பாதிதான், மீதியை "ம்ம்ம்" என்று இழுத்து நிரப்பியிருந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏம் வே, நீரு டிரைவரா போனது நம்ம செஞ்ச புண்ணியம்" என்றான் பால்வண்ணன். "வண்டி கசிஞ்சது கேஸால இல்ல, இதக் கேட்டுத் தாங்க முடியாம" என்றாள் மூக்கம்மா. ஆவுடையும் சிரித்தான். அவனுக்கு மட்டும் தெரியும், அந்தப் பாட்டு எந்தத் திருப்பத்தில் எந்த வரிக்கு வந்தது, பாலம் எந்த வரியில் கண்ணுக்குத் தெரிந்தது என்று. பொழுது சாய்ந்து வண்டி ஆறியபோது பாட்டு ஆலங்குளம் சாலையில் நின்றிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் அந்தப் பாட்டின் மீதியை மனசுக்குள் பாடிப் பார்த்தான். ஒரு மத்தியானத்துக்குத்தான் இருந்தது.

விடிந்ததும் அமல்ராஜைத் தேடிப் போனான். ஒரு நொடி, பின்மேல் ஒரு விரல், அவ்வளவு போதும் என்று கேட்டான். அமல்ராஜ் தலையைத் தூக்கவில்லை. "வெள்ளத்துரை வந்துட்டுப் போனாம் அண்ணாச்சி. வண்டியத் தொட்டா எங்கையில விரல் இருக்காதாம். சிரிச்சுக்கிட்டேதாஞ் சொன்னாம்." திரும்பி வந்தபோது வண்டியின் பானட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. வெள்ளத்துரை அதன்மேல் சாய்ந்து நின்று பல்குத்திக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பாட்டு தொடர்ந்தது. இன்றைக்குச் சிரிப்பு குறைந்திருந்தது. ஒரு மனுஷன் பாடுவதை நிறுத்தப்போகிறான் என்பது, எப்படியோ, கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வாகை நெற்றுகள் ஆடாமல் நின்றன. ஆவுடை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வண்டிக்குள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வரும் அந்தத் தையின் ஆவுடையை, நிறுத்தாதே, பாடிக்கொண்டே பாலத்தைத் தாண்டிப் போய்விடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. கதவு திறந்து மூடியது.

"மாமா, கேட்காதீங்க."

அணைஞ்சபெருமாள் எழுந்தார். வெள்ளத்துரை பானட்டைச் சுற்றி வந்து ஆவுடையின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். ஆவுடை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். வாயில் உப்புக் கரித்தது.

"எங்கன எறக்கிவிட்ட?"

"தென்காசி ஜங்ஷன்ல."

"அங்கருந்து?"

"கேட்காதீங்கன்னா. கேட்கல."

வெள்ளத்துரை மறுபடியும் கையை ஓங்கினான். "விடுல அவன" என்றார் அணைஞ்சபெருமாள். அவர் குரல் முந்தாநாள் குரலைப் போலவே மென்மையாக இருந்தது. "டிரைவர அடிச்சு என்னத்துக்கு? வண்டி சொல்லும். எங்க போறோம்னு பேசாமயா போயிருப்பாக? உக்காந்து கேப்போம்." துண்டை மறுபடி மடித்துப் போட்டார். ஊர் உட்கார்ந்திருந்தது. எழுந்து போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கால் வரவில்லை. தங்கை மகளுக்கு மாலை போட்டுவிட்டு வந்தபோதும் ஊர் இப்படித்தான் இருந்தது.

"பயமா இருக்கா?" என்றது கதிரேசனின் குரல்.

"இல்ல" என்றது சுபாவின் குரல். "நாம போற ஊருக்கு என்ன பேரு சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

சொர்ணம்தான். மாதக்கணக்காகப் பேசாதிருந்த வாய்க்குள் நாக்கு இடமும் வலமும் பாம்புவால்போல் அடித்தது. கண் வண்டிமேலேயே இருந்தது. சாமி வரும்போதும், தாலி கட்டும்போதும், பிணம் வாசலைவிட்டு எடுக்கும்போதும் எழும் அந்தச் சத்தம், அன்றைக்கு எதற்கு எழுந்தது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருத்தி குலவை தொடங்கினால் பக்கத்தில் இருப்பவள் வாங்க வேண்டும், அது அந்த ஊர்ப் பெண்களின் நாக்கில் ஊறியது. மூக்கம்மா வாங்கினாள். பால்வண்ணனின் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள். மகனின் பேச்சைத் தொலைத்தவள் வாங்கினாள். வாங்கியவர்களுக்கு மூன்றாவது மூச்சில் புரிந்துவிட்டது. புரிந்தபின் அவர்கள் இன்னும் உரக்கக் குலவையிட்டார்கள்.

"நிறுத்துங்கட்டி!" என்று வெள்ளத்துரை கத்தினான். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. பானட்டைத் திறந்து குழாயில் காதை ஒட்டினான். பெண்கள் எழுந்து வந்து வண்டியை நெருக்கிச் சூழ்ந்து நின்றார்கள், அவன் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு கிழவி நாக்கை அடித்தாள். அவன் அம்மாவை நோக்கி வந்தான். ஓங்கிய கையை அணைஞ்சபெருமாளே பிடித்துக்கொண்டார். குலவையிடும் வாயைப் பொத்துவது அம்மன் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்று செங்கமடையில் பிறந்த எந்த ஆணுக்கும் தெரியும். பொத்தினவன் வீட்டில் அடுப்பு எரியாது. மகளைக் கொல்ல அஞ்சாத மனுஷர், அதற்கு அஞ்சினார்.

வெயில் தணிகிறவரை குலவை ஓயவில்லை. ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். தகரம் ஆறிய பிறகுதான் நிறுத்தினார்கள். சொர்ணத்தின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் வெயில் ஏறுவதற்குமுன் அவள் வந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூக்கம்மா பனங்கற்கண்டும் பானைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்களும் சமையலை முடித்துவிட்டு, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆண்களுக்கு மத்தியானச் சோறு ஆறிப்போய்க் கிடைத்தது. எவனும் வாய் திறந்து கேட்கவில்லை.

அதற்கப்புறம் சிக்கல் வேறாகிவிட்டது. பாலத்திலிருந்து ஜங்ஷனுக்கு அவ்வளவு தூரமில்லை. அந்தச் சவாரி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கே முடிந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கணம் குலவையை நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் ஊர்ப் பெயர் வந்துவிட்டால்? அதனால் நிறுத்தவில்லை. அக்கினி நட்சத்திரம் வந்தது, கத்திரி முடிந்தது, வைகாசி போனது. வழியோடு பஸ்ஸில் போகிறவர்கள் இங்கே ஏதோ உக்கிரமான அம்மன் இருக்கிறாள் என்று சன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். ஒருவர் சில்லறைகூட எறிந்தார். பால்வண்ணனின் மருமகள் அங்கேதான் வலி கண்டாள். குலவைச் சத்தத்துக்குள் பிறந்த பிள்ளை, சத்தம் நின்றால் அழுதது.

வெள்ளத்துரை ஆலைக்குப் போவதை விட்டுவிட்டான். பானட்டை ஒட்டி நாற்காலி போட்டு, ஒரு கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு, பெண்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாத் தொண்டையும் ஒரே நேரத்தில் அடைக்கிற ஒரு நொடி வரும் என்று நம்பினான். ஜங்ஷனுக்குப் போய் விசாரிப்போம், போலீசில் தெரிந்தவனைப் பிடிப்போம் என்று கூட்டாளிகள் சொன்னதற்கு, "எதுக்குலே அலையணும்? இதுக்குள்ளதான இருக்கு" என்றான். அணைஞ்சபெருமாள் பக்கத்திலேயே இருந்தார். அவர் வெந்த காது ஆறி, தோல் சுருங்கி, உலர்ந்த கத்தரிக்காய்போல் ஆகியிருந்தது. அவர் ஊர்ப் பெயரைக் கேட்கக் காத்திருந்தாரா, மகள் குரலைக் கேட்கக் காத்திருந்தாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஆவுடைக்கு. தினமும் வெயில் ஏறியதும் பானட்டுக்குள் குனிந்து, மூட்டைத் தொட்டுப் பார்த்து, கேஸ் இருக்கிறதா என்று வெள்ளத்துரையிடம் சொல்ல வேண்டும். தொட்டால் விரல் நுனியில் பூனை நக்கியதுபோல் ஒரு குளிர் தெரியும். கையை மூட்டில் வைத்தபடி "இருக்கு" என்பான்.

ஆனி மாதம் ஒரு நாள் குளிர் தெரியவில்லை.

துடைத்துவிட்டுத் தொட்டான். எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை, தூசி பொரபொரவென்று உதிர்ந்தது. பெண்களின் சத்தம் தலைக்குமேல் கூரைபோல் நின்றது. தீக்குச்சி ஒன்றை எடுத்து, உடம்பால் மறைத்துக்கொண்டு, பின்னை அமுக்கினான். சீற்றம் இல்லை. ஒரு சொல், ஒரு மூச்சு, ஒரு ஏப்பம் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் பேசியது அத்தனையும், சுபாவும், கதிரேசனும், அந்த ஊரும், சுபாவைத் தேடிப்போன நாளில் இந்த அப்பனும் மகனும் இதே சீட்டில் உட்கார்ந்து என்ன செய்வோம் என்று பேசியதும், எல்லாமே எப்போதோ வெளியே வந்து, குலவைக்குள் விழுந்து, போய்விட்டன. வண்டி காலியாக இருந்தது. சும்மா ஒரு தகரப்பெட்டி.

ஆவுடைக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. முடிந்தது, வாயை மூடுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. தலையைத் தூக்கினான். நாற்காலியில் வெள்ளத்துரை இருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, ஆனால் கண் கூர் குறையாமல் இருந்தது. காலடியில் சாக்குப்பைக்குள் நீளமாக எதுவோ, நாற்காலி போட்ட நாளிலிருந்தே இருந்தது. இந்த வண்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநிமிஷம் அவன் அதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். எழுந்தால் ஜங்ஷனுக்குப் போவான். அங்கே டீக்கடைக்காரனுக்கும் சுமைகூலிக்கும் காது உண்டு.

"என்ன?" என்று வெள்ளத்துரையின் உதடு அசைந்தது. "இருக்கா?"

ஆவுடை அவன் காதில் வாயை வைத்துக் கத்தினான். "இருக்கு. நெறைய இருக்கு. இப்பத்தாம் பாதி."

"ஆடிக் காத்து வந்து வெயில் தணிஞ்சா?"

"மெதுவா வரும். ஆனா வரும்."

வெள்ளத்துரை தலையசைத்து, நாற்காலியை இன்னும் கொஞ்சம் வண்டியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஆவுடை பானட்டிலிருந்து நிமிர்ந்தபோது சொர்ணம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்த தீக்குச்சியைப் பார்த்தாள். அதன் நுனி ஈரமில்லாமல், எண்ணெய் படாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தது. இத்தனை நாள் எதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டார்களோ அது முடிந்துவிட்டது என்பதும், முடிந்துவிட்டது என்று தெரிந்த இரண்டாவது ஆள் தான் என்பதும், இனி இதை நிறுத்தவே முடியாது என்பதும், ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போயின. பக்கத்தில் மூக்கம்மாவுக்கு மூச்சு திணறியது. அவள் கையைக் காட்டினாள், வாங்கிக்கொள் என்று.

சொர்ணம் வெடித்த உதட்டை முந்தானையால் துடைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். காலி வண்டியைப் பார்த்து நாக்கை உயர்த்தினாள்.